ஆயில் ஒழுகும் இடம்

அன்று காலை தர்மபுரிப் பட்டறையில் இருந்தவர்கள்:

அக்பர் அலி, மெக்கானிக். காரின் அடியில் படுத்திருந்தான். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

ஷரீபுன்னிசா. அக்பரின் செத்துப்போன அண்ணன் உசேனின் மனைவி. பட்டறையின் பின்சுவரில் அவர்கள் வீட்டுக்குப் போகும் கதவு உண்டு. அந்தக் கதவருகே நின்றிருந்தார்.

தீர்த்தகிரி, காரின் சொந்தக்காரர். பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருப்பவர்.

நான், குப்புராஜ், அக்பரின் சிநேகிதன். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். சர்க்கரை ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து, தூங்காமல், முதல் பஸ்ஸில் வந்திருந்தேன்.

ஐம்பத்திரண்டாம் வருடத்து ஆஸ்டின் கார் ஒன்று.

உசேனை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அவன் செத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. சேர்த்திருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது.

அவனைக் கொன்றது இதே கார். தீர்த்தகிரியின் அப்பா வாங்கிய கார் அது. எண்பத்து மூன்றில் உசேன் அதன் எஞ்சினைப் பிரித்துக் கட்டினான். கட்டி முடித்து ஓட்டிப் பார்க்க எடுத்துப் போனவன் தொப்பூர் இறக்கத்தில் பள்ளத்துக்குள் போனான். தூக்கும்போது அவன் சட்டையெல்லாம் ஸ்பிரிட் நாற்றம். குடித்துவிட்டு ஓட்டினான் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. தீர்த்தகிரியும் ஆமாம் என்றார்.

ஷரீபுன்னிசா அன்றிலிருந்து ஒரே பதிலைச் சொல்லி வந்தார். அவர் வீட்டுக்காரர் ஷெல்லாக் பாட்டிலை எடுத்துப் போனார். ஷெல்லாக் என்பது எஞ்சின் மூட்டுகளில் பேக்கிங் ஒட்டுகிற அரக்கு, ஸ்பிரிட்டில் கரைத்து வைத்திருப்பார்கள். அந்தப் பாட்டில்தான் உடைந்தது. யாரும் காதில் வாங்கவில்லை. ஓட்டிப் பார்க்கப் போகிறவனுக்கு ஷெல்லாக் எதற்கு என்று கேட்டார்கள். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

அவர் மகள் நசீம் பானுவைப் பார்க்க ஏரியூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. சிரித்துப் பேசிவிட்டுப் போனார்கள். பிறகு, குடித்துவிட்டுச் செத்தவன் வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போது கிருஷ்ணகிரியிலிருந்து இன்னொரு இடம் வருவதாக இருந்தது. அவர்களும் விசாரிப்பார்கள். விசாரித்தால் தர்மபுரியில் யார் என்ன சொல்வார்கள் என்பது ஷரீபுன்னிசாவுக்குத் தெரியும்.

கார் இரண்டு வருடம் தீர்த்தகிரியின் தோட்டத்தில் கிடந்தது. பின்சீட்டில் கோழி முட்டையிட்டது. போன வருடம் திடீரென்று அதை ஓட வைக்க வேண்டும் என்று கிளம்பினார். வேறு எந்தப் பட்டறையிலும் தொட மாட்டேன் என்றார்கள். கடைசியில் அக்பரிடம் வந்தார். அக்பர் தன் அண்ணியைக் கேட்டான். "கொண்டாரட்டும்" என்று மட்டும் சொன்னார் ஷரீபுன்னிசா.

அக்பர் நன்றாகத்தான் கட்டினான். நானே கூட இருந்து பார்த்தேன். எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்கை சேலத்தில் கொடுத்துக் கடைந்து, புது ரிங், புது பேரிங் எல்லாம் போட்டான். வேலை முடிந்த அன்று ஷரீபுன்னிசா சந்தனம் கொண்டுவந்து வைத்தார். அது அந்தப் பட்டறையின் வழக்கம். உசேன் காலத்திலிருந்தே, கட்டி முடித்த எஞ்சினுக்கு முதல் சந்தனம் அவர் கையால்தான். நிஜச் சந்தனக் கட்டை. எங்கிருந்து வந்தது என்று தர்மபுரியில் யாரும் கேட்க மாட்டார்கள். சூட்டில் உதிராமல் இருக்கக் கருவேலம் பிசின் கரைத்த தண்ணீரில் இழைப்பார். அதன் மேல் வண்டிக்காரர்கள் குங்குமம் வைத்துக்கொள்வார்கள். துலுக்கப் பட்டறையில் சந்தனம் வைத்த வண்டி என்று லாரிக்காரர்கள் மத்தியில் அதற்கு ஒரு பேர் இருந்தது.

ஆனால் ஆஸ்டின் ஒழுகியது. நிற்கும்போது இல்லை. ஓடிச் சூடேறி வந்து நின்றால், எஞ்சினுக்குப் பின்னால், கிளட்ச் இருக்கும் கூட்டின் அடித்துளையிலிருந்து சொட்டும். இரண்டு முறை பிரித்து பேக்கிங் மாற்றியும் நிற்கவில்லை.

தீர்த்தகிரி வெற்றிலைச் சாற்றை வாசலில் துப்பிவிட்டு உள்ளே வந்தார்.

"என்னப்பா அக்பரு, இது காரா, சக்கர வியாதிக்காரனா? நிக்கிற எடமெல்லாம் வுட்டுட்டு வருது."

"வுடுதுங்கண்ணா. எங்கிருந்து வுடுதுன்னுதான் புடிபட மாட்டேங்குது" என்று காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"எனக்கென்னமோ இதுக்குப் பொறவிக் கோளாறுன்னு தோணுது. உங்கண்ணன் கட்டினப்பவும் இதே எடத்துலதான் ஒழுகுச்சு. அவனும் இப்படித்தான் கீழ தகரத்த வெச்சிட்டு மண்டைய ஒடச்சிக்கினு இருந்தான்."

அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். மூன்று வருடத்தில் முதல் முறையாகச் சொன்னார். ஷரீபுன்னிசா வாசற்படியைத் தாண்டிப் பட்டறைக்குள் வந்தார். ஆண்கள் இருக்கும்போது அவர் அப்படி வந்து நான் பார்த்ததில்லை.

"எப்பங்க ஒழுகுச்சு?"

"என்னம்மா?"

"அவுரு வண்டிய எடுத்துட்டுப் போன அன்னிக்கு ஒழுகுச்சுங்களா?"

தீர்த்தகிரி மெல்லுவதை நிறுத்தினார். "அன்னிக்குந்தான். ஒரு ரவுண்டு போயிட்டு வந்து பாத்தான், ஒழுகுச்சு. மறுபடியும் எடுத்துட்டுப் போனான்."

"இத ஏனுங்க போலீஸ்ல சொல்லல?"

"ஆயில் ஒழுகுனா ஆளு சாவானாம்மா? எந்த வண்டிதான் ஒழுகல? அவன் மேல நாத்தம் அடிச்சுது. இருந்ததச் சொன்னேன்."

அக்பர் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து தரையிலேயே உட்கார்ந்தான். முகத்தில் ஆயில். அதைத் துடைக்கவில்லை.

"சாவாங்கண்ணா" என்றான். "இந்த எடத்துல ஒழுகுனா ஆயிலு நேரா கிளட்ச் பிளேட்டு மேல போவும். எறக்கத்துல சின்ன கியர்ல போட்டா எஞ்சின்தான் வண்டியப் புடிச்சி நிறுத்தும். நடுவுல கிளட்ச் வழுக்குச்சுன்னா எஞ்சின் தனி, சக்கரம் தனி. அப்புறம் பிரேக்கு ஒண்ணுதான்."

"அப்ப பிரேக்கு?" என்றார் ஷரீபுன்னிசா.

அக்பர் தீர்த்தகிரியைப் பார்த்தான். தீர்த்தகிரி காரைப் பார்த்தார்.

"பிரேக்கு பழசுதான். மொதல்ல எஞ்சின் ஓடட்டும், பிரேக்கு அப்புறம் பாத்துக்கலாம்னு அவன்தான் சொன்னான்."

ஒரு பாட்டில் ஷெல்லாக் எதற்கு என்ற கேள்விக்கு மூன்று வருடம் கழித்துப் பதில் கிடைத்திருந்தது. ஒழுகிய காரோடு போனவன், வழியில் நிறுத்தி ஒட்டிப் பார்க்க எடுத்துப் போயிருக்கிறான்.

"எங்க ஒழுகுதுன்னு கண்டுபுடி அக்பர்" என்றார் ஷரீபுன்னிசா. "இன்னிக்கே. இவுரு இங்க இருக்கறப்பவே. கிளட்ச் வுட்டுச்சா இல்லியான்னு இவுரு கண்ணால பாக்கட்டும். பாத்துட்டு ஜமாத்துல வந்து சொல்லட்டும்."

"ஏம்மா, எனக்கு மண்டி கெடக்குது..."

"மண்டி நாளைக்கும் இருக்குங்க."

தீர்த்தகிரி உட்கார ஸ்டூல் தேடினார். நான் எடுத்துப் போட்டேன்.

எஞ்சினை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினோம். துணியால் துடைத்துக் காய வைத்தோம். அக்பர் அண்ணியைப் பார்த்து, "பாபி, பாப்பாவோட பவுடர் டப்பா வேணும்" என்றான். ஷரீபுன்னிசா மகளின் முகப் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்தார். எஞ்சினின் பின்பக்கம், அடிப்பக்கம், மூட்டுகள் எல்லாவற்றிலும் பவுடரை ஊதிவிட்டான். வெள்ளைப் பவுடரில் ஆயில் எங்கே முதலில் கோடு கிழிக்கிறதோ அதுதான் ஒழுகும் இடம். கறுத்த எஞ்சின் வெளுத்துப்போய்க் கிடந்தது. குளிப்பாட்டிக் கிடத்திய உடம்பு மாதிரி இருந்தது. நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

கீழே ஒரு குழாயின் வாய் ஈயத்தால் அடைபட்டிருந்தது. "இது என்னடா, அடைச்சிருக்குது?" என்று கேட்டேன்.

"அது எஞ்சின் மூச்சு வுடற கொழா. புகை உள்ள வருதுன்னு நம்ம மண்டி அண்ணனோட அப்பாவே எந்தக் காலத்துலயோ அடைச்சிட்டாராம். மேல ஆயில் ஊத்தற மூடியில ஓட்டைங்க இருக்குது. அது போதும்."

தீர்த்தகிரி தலையாட்டினார். "எங்கப்பனுக்குப் புகையே ஆவாது. சுருட்டுப் புகை மட்டும் ஆவும்."

நின்ற இடத்தில் ஓட்டிப் பார்த்தோம். பவுடர் அப்படியே இருந்தது. பாரம் ஏறினால்தான் ஒழுகும் என்றான் அக்பர். அதியமான்கோட்டை வரை போய்த் திரும்பலாம் என்று கிளம்பினான்.

"அங்க எறக்கம் ஏது?" என்றார் ஷரீபுன்னிசா. "அவுரு போன எடத்துக்குப் போ."

"பாபி, வேணாம்."

"நானும் வரேன்."

உள்ளே போய்ப் புர்காவைப் போட்டுக்கொண்டு வந்தார். வரும்போது பின்கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போடவில்லை, பூட்டவில்லை. அந்தக் கதவை அவர் பூட்டியே மூன்று வருடம் ஆகியிருந்தது. உசேன் காரை எடுக்கும்போது, "வந்துடறேன், கதவ பூட்டிடாத" என்று சொல்லிவிட்டுப் போனானாம். ஒரு முறை நாய் நுழைந்து கறிச்சட்டியைக் கவிழ்த்தது. அப்போதும் பூட்டவில்லை. அக்பர் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டான்.

அக்பர் ஓட்டினான். தீர்த்தகிரி முன்சீட்டில். பின்சீட்டில் ஒரு மூலையில் ஷரீபுன்னிசா, மறு மூலையில் நான். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பெரிய கல். வண்டி நிற்காவிட்டால் சக்கரத்துக்கு வைக்க அக்பர் எடுத்துப் போட்டது. பிரேக்கை அவன் போன மாதம்தான் புதிதாகக் கட்டியிருந்தான். இருந்தாலும் கல்லைப் போட்டான்.

நான் பேயை நம்புகிறவன் இல்லை. இரவு முழுவதும் பாய்லர் முன்னால் நிற்கிறவனுக்குத் தூக்கக் கலக்கத்தில் எதுவும் கேட்கும், எதுவும் தெரியும். அதையெல்லாம் நம்பினால் வேலை பார்க்க முடியாது. ஆனால் அன்று நடந்ததைச் சொல்கிறேன்.

அதியமான்கோட்டையைத் தாண்டி எஞ்சின் நன்றாகச் சூடேறியது. அப்போது ஒரு வாசனை வந்தது. முதலில் எனக்கு மட்டும் என்று நினைத்தேன். பிறகு தீர்த்தகிரி மூக்கை உறிஞ்சினார். அக்பர் கண்ணாடியைக் கீழே இறக்கினான். வாசனை போகவில்லை. சந்தன வாசனை. கூடவே கிரீஸ் வாசனை.

உசேனைத் தெரிந்த எல்லோருக்கும் அந்த இரண்டும் சேர்ந்த வாசனை தெரியும். வெள்ளிக்கிழமை தொழுகைக்குச் சந்தன அத்தர் போட்டுக்கொண்டு போவான். திரும்பி வந்து அதே சட்டையோடு வண்டிக்கு அடியில் படுப்பான். திட்டினாலும் கேட்க மாட்டான். கள்ளுக்கடைப் பக்கம் போகாதவன் என்பதை அந்த வாசனையை வைத்தே சொல்லலாம். ஆனால் செத்த அன்று ஸ்பிரிட் நாற்றம் அதை மூடிவிட்டது.

ஷரீபுன்னிசா முகத்திரையை விலக்கினார். "வந்துட்டாரு" என்றார். யாரிடமும் சொல்லவில்லை. சும்மா சொன்னார்.

தீர்த்தகிரியின் பிடரி வேர்த்திருந்தது. "அக்பரு, திரும்பிடலாம்பா" என்றார்.

"இவ்ளோ தூரம் வந்தாச்சுங்கண்ணா."

"எனக்கு நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குது."

"அவுரு ஒண்ணும் பண்ண மாட்டாருங்க" என்றார் ஷரீபுன்னிசா பின்னாலிருந்து. "உங்க மேல அவுருக்கு மரியாதைதான்."

அதற்குப் பிறகு தீர்த்தகிரி ஊர் வந்து சேரும்வரை வெற்றிலை போடவில்லை.

தொப்பூர் இறக்கம் ஆரம்பிக்கும் இடத்தில் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. டிரைவர்கள் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அக்பர் நிறுத்தவில்லை. இரண்டாவது கியரில் போட்டு மெதுவாக இறக்கினான். எஞ்சின் உறுமியது. வண்டியைப் பிடித்து நிறுத்துகிற உறுமல் அது. முதல் வளைவு வரை சரியாகத்தான் போனது.

பிறகு உறுமல் இறங்கியது. கியரை மாற்றவில்லை, கிளட்ச்சை மிதிக்கவில்லை, ஆனாலும் எஞ்சின் சத்தம் அடங்கிக்கொண்டே போனது. வண்டி மட்டும் வேகம் எடுத்தது. யாரோ பிடித்திருந்த கையை ஒவ்வொரு விரலாக விடுவதுபோல இருந்தது. கருகிய வாடை வந்தது. அக்பர் பிரேக்கை மிதித்தான். புது பிரேக். பிடித்தது. கார் ஓரத்து மண்மேட்டில் ஏறி நின்றது. நான் இறங்கிக் கல்லை வைத்தேன்.

பிரேக் பழையதாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. கீழே பள்ளம் தெரிந்தது.

தீர்த்தகிரி இறங்கி, சாலையோரக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பி ஷரீபுன்னிசாவிடம் வந்தார். மண்டியில் ஏலம் கத்துகிற குரல் அவருக்கு. அன்று அது வெளியே வரவே இல்லை.

"குடிக்கல தங்கச்சி. அவன் குடிக்கல. நான்தான் தெரியாம சொல்லிட்டேன்."

"ஜமாத்துல சொல்லுவீங்களா?"

"எங்க கூப்புட்டாலும் வந்து சொல்றேன். கிருஷ்ணகிரிக்காரங்ககிட்டயும் நானே போய்ச் சொல்றேன்."

ஷரீபுன்னிசா தலையசைத்தார். அழவில்லை. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காரின் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த இடத்தோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் அக்பர் மெக்கானிக். ஒழுகுகிறது என்று தெரிந்தால் போதாது அவனுக்கு. எங்கிருந்து, ஏன் என்று தெரிய வேண்டும். பானட்டைத் தூக்கினான்.

பவுடரில் ஒரு கோடு இல்லை. பல கோடுகள். கிராங்கின் பின்னாலிருந்துதான் பெரிய கோடு. ஆனால் மேல் கவரின் ஓரத்தில், பக்கத்து மூட்டில், எல்லா இடத்திலும் ஆயில் வெளியே வரப் பார்த்திருந்தது. அக்பர் குழம்பினான். அப்போது ஆயில் அளவு பார்க்கிற குச்சி என் கண்ணில் பட்டது. துளைக்குள் அழுந்தி உட்கார்ந்திருக்க வேண்டியது, ஒரு விரல்கடை மேலே கிளம்பி நின்றது.

"இத யாரு தூக்கினா?" என்றேன்.

"யாரும் தொடல." அக்பர் அதை அழுத்தினான். மறுபடியும் மெல்ல மேலே வந்தது.

அவன் முகம் மாறியது. "உள்ள காத்து அடைஞ்சிருக்குது" என்றான். "அந்தக் காலத்து எஞ்சின்ல பின்னால ரப்பர் சீல் கெடையாது. கிராங்குலயே திருகு மாதிரி வரி வெட்டி வெச்சிருப்பான். சுத்தறப்ப அதுவே ஆயிலத் திருப்பி உள்ள அனுப்பும். உள்ள காத்து முட்டுச்சுன்னா அந்தத் திருகு என்ன பண்ணும்? எல்லாத்தையும் வெளிய தள்ளிடும்."

"காத்து ஏன் முட்டுது?"

அக்பர் துணியை மடித்துப் பிடித்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகினான். மூடி கழன்றதும் ஒரு மூச்சு வெளியே வந்தது. நீளமான மூச்சு. எங்கள் நாலு பேருக்கும் கேட்டது. அதோடு அந்த வாசனை எங்கள் முகத்தில் அடித்தது. சூடான சந்தனம்.

மூடியின் தலையில் சுற்றிலும் கடுகளவு துளைகள் இருக்க வேண்டும். இல்லை. மூடி முழுக்கச் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்திருந்தது. எஞ்சினைத் திறந்ததும் எதிரே நெற்றி மாதிரி தெரிகிற ஒரே இடம் அதுதான். சந்தனத்தைக் கையில் எடுத்த யாரும் அங்கேதான் வைப்பார்கள். மற்ற வண்டிகளில் அதனால் ஒன்றும் ஆகாது. கீழே இன்னொரு குழாய் இருக்கும். இதில் அது அடைபட்டிருந்தது.

அக்பர் ஸ்குரூ டிரைவர் முனையால் சுரண்டினான். பிசின் போட்ட சந்தனம், ஓடு மாதிரி பெயர்ந்தது. மேலே இளமஞ்சள். அதற்குக் கீழே ஒரு சிவப்புப் பொட்டு. அதற்கும் கீழே இன்னொரு சந்தனப் பத்து, பழுப்பேறி, கல்லாகிப்போனது. துளைகளுக்குள் ஆணி மாதிரி இறங்கி இறுகியிருந்தது.

"இது பழசு" என்று தீர்த்தகிரி சொன்னார். அவருக்கு இன்னும் புரியவில்லை. "இந்த குங்குமம் என் வூட்டுக்காரி வெச்சது. எண்பத்தி மூணுல."

அக்பர் மூடியைக் கைக்குள் மறைத்தான். எஞ்சினைக் கட்டியபோது அவன் மூடியின் உள்பக்கத்தை மட்டும் கழுவியிருக்கிறான். மேல்பக்கத்தைத் தொடவில்லை. அண்ணன் கடைசியாகக் கட்டிய எஞ்சினுக்கு அண்ணி வைத்த சந்தனம் என்று விட்டிருக்கிறான். அதன் மேலேயே புதுச் சந்தனமும் ஏறியது.

"என்னது அது?" என்றார் ஷரீபுன்னிசா. காரைவிட்டு இறங்கி வந்திருந்தார்.

"ஒண்ணுமில்ல பாபி. அழுக்கு."

"குடு."

"கை சுட்டுக்கும்."

"குடு அக்பர்."

கொடுத்தான். அவர் அதை முகத்தருகே கொண்டுபோனார். முகர்ந்தார். நகத்தால் கீழ்ப்பத்தைத் தட்டிப் பார்த்தார், வெந்துவிட்டதா என்று பார்க்கிறவர் மாதிரி. துளைகளைப் பார்த்தார். குச்சி மேலே கிளம்பி நிற்பதைப் பார்த்தார். நாங்கள் பேசிய எல்லாவற்றையும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"உதிராம இருக்கணும்னு பிசின் அன்னிக்குக் கொஞ்சம் சாஸ்தியா போட்டேன்" என்றார். "பெரிய எடத்து வண்டின்னு அவுரு சொன்னாரு."

தீர்த்தகிரிக்கு அப்போதுதான் புரிந்தது.

"பாபி, நான்தான் தேய்க்காம வுட்டேன்" என்றான் அக்பர். "தப்பு என்னுது."

"மேல இருக்கறது உன் தப்பு. கீழ இருக்கறது?"

லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கிப் போனது. அது போய் முடியும் வரை காத்திருந்தார். பிறகு தீர்த்தகிரியிடம் திரும்பினார்.

"ஜமாத்துல என்னன்னு சொல்லுவீங்க?"

"கிளட்ச்சுல ஆயில் எறங்கி வண்டி வுட்டுடுச்சு, அவன் குடிக்கலன்னு சொல்லுவேன்."

"ஆயில் ஏன் எறங்குச்சுன்னு கேப்பாங்க. அங்க ரெண்டு பேரு லாரி வெச்சிருக்காங்க. கேக்காம வுட மாட்டாங்க."

"பழைய வண்டி, அப்படித்தான்னு சொல்லிட்டாப் போச்சு."

"ஒழுகுனத மூணு வருசம் சொல்லாதவரு, இப்ப பழைய வண்டின்னு சொன்னா யாரு நம்புவா? புள்ளைய கரையேத்த துட்டு வாங்கிக்கினு சொல்றாருன்னுவாங்க." அவர் குரல் ஏறவில்லை. காய்கறிக்காரரிடம் பேசுகிற குரல்தான். "மூடிய எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க. ரெண்டு சந்தனப் பத்தும் தெரியற மாதிரி காட்டுங்க. யாரு வெச்சதுன்னு கேட்டா என் பேரச் சொல்லுங்க."

"அப்படிச் சொன்னா உன்னப் பத்தி என்னம்மா பேசுவாங்க?"

"எதோ பேசிக்கட்டும். அவுர இனிமே பேச மாட்டாங்க."

மூடியை அக்பரின் கையில் வைத்துவிட்டுப் போய்க் காரில் உட்கார்ந்தார்.

அக்பர் மூடி இருந்த இடத்தில் ஒரு துணியைத் தளர்வாகக் கட்டினான். காற்று போக வழி கிடைத்தது. கிளட்ச் ஆறும் வரை காத்திருந்து, மேட்டில் மெதுவாக ஏற்றித் திரும்பினோம். வழியில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. பட்டறைக்கு வந்ததும் அடியில் தகரத்தை வைத்துப் பார்த்தான். காய்ந்து கிடந்தது. இத்தனை மாதம் தேடியது கிடைத்துவிட்டது. அவன் தகரத்தை எடுத்துச் சுவரோரம் சாய்த்துவைத்தான்.

வாசனையும் போய்விட்டது. வரும் வழி முழுக்க நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தேன். வெறும் கிரீஸ். ஷரீபுன்னிசாவும் முகர்ந்து பார்த்திருக்க வேண்டும். அதியமான்கோட்டை அருகில் ஒரு முறை முகத்திரையை விலக்கி, கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, மறுபடி இறக்கிக்கொண்டார்.

பட்டறையில் இறங்கியதும் நேராக அலமாரிக்குப் போனார். அங்கே அவருடைய சந்தனக் கட்டையும் இழைக்கிற கல்லும் ஒரு துணியில் சுற்றி இருக்கும். எடுத்துக்கொண்டார்.

"தங்கச்சி" என்றார் தீர்த்தகிரி. "வெள்ளிக்கிழம நான் பள்ளிவாசல்ல வந்து நிக்கறேன்."

"வாங்க" என்றார் ஷரீபுன்னிசா. "மூடிய மறந்துடாதீங்க."

அக்பர் கதவு வரை பின்னால் போனான். "பாபி, சாப்புட்டுப் படுங்க. எதுவும் யோசிக்காதீங்க. வண்டிக்குத் தெரியுமா, நமக்குத் தெரியுமா..."

அவர் அவனைத் திரும்பிப் பார்த்தார். துணி மூட்டையைக் கை மாற்றிக்கொண்டு உள்ளே போனார்.

கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் இழுக்கும் சத்தம் கேட்டது. மூன்று வருடம் எண்ணெய் படாத தாழ்ப்பாள், பாதியில் சிக்கியது. உள்ளிருந்து கையால் தட்டி ஏற்றினார். பிறகு பூட்டு விழுந்தது.